இரவல் விரல்

சிறுநீரக வார்டில் ஒரு காலத்தில் கடவுச்சொல் என்பது பெரிய சிஸ்டர் வீட்டு நாயின் பெயர். அந்த நாயை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதன் பெயர் தெரியாத ஆள் அந்த மாடியிலேயே கிடையாது. கணினித் திரையின் பின்புறம் ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதி ஒட்டியிருந்தது. பிளாஸ்திரி அழுக்கானால் புதுசாக ஒன்றில் எழுதி ஒட்டுவார்கள். காலையில் முதலில் வருகிறவள் நாயைக் கூப்பிட்டுத் திரையைத் திறந்துவிடுவாள். பிறகு சாயங்காலம் வரை எல்லாரும் அந்த ஒரே வாசல் வழியாகப் புகுந்து புறப்படுவார்கள். யார் ஊசி குத்தினாலும், யார் மருந்து ஏற்றினாலும் பெரிய சிஸ்டர் செய்ததாகவே பதிவாகும். அப்படிப் பார்த்தால் அந்த அம்மாள் ஒரே நேரத்தில் எல்லாக் கட்டிலருகிலும் நின்றிருக்கிறாள். சாப்பிடப் போயிருந்தபோதும் நின்றிருக்கிறாள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் அங்கே ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். இரண்டு வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு இயந்திரம். மனிதனுடைய ரத்தம் முழுவதும் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகிற இடம் அது. ஒருவருக்குக் கால் இழுத்துப் பிடிக்கும், இன்னொருவருக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், மூன்றாவது இயந்திரம் காரணமே இல்லாமல் கத்தும். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, கடவுச்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் திரை தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

அந்த நாயின் பெயர் கடைசியில் வெளியாள் ஒருவனுக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு மழைநாள் காலையில் எல்லாத் திரைகளும் கறுத்துக் கிடந்தன. எங்கிருந்தோ எவனோ உள்ளே புகுந்து நோயாளிகளின் விவரம் மொத்தத்தையும் பூட்டிவிட்டான். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று தெரியாமல், நோயாளிகளையே கேட்டுக் கேட்டு அந்த வாரத்தை ஓட்டினார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மேலிடத்திலிருந்து நல்ல அர்ச்சனை கிடைத்திருக்க வேண்டும். திரைகள் உயிர் பெற்ற மறு வாரமே பிளாஸ்திரியைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் மருந்து அலமாரியிலும் விரல் வைத்துத் திறக்கும் கருவியை மாட்டச் சொன்னார். மாடி முழுக்க அறிவிப்பும் ஒட்டினார்: 'கடவுச்சொல் களவு போகும். விரல் களவு போகாது.'

நம் கதைக்கு உரியவளை அந்த வார்டில் பூக்கை என்பார்கள். நோயாளிகள் வைத்த பெயர். ரத்தம் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்குக் கையில் குத்தும் ஊசி லேசுப்பட்டதல்ல. தையல் ஊசிக்கும் அதற்கும் உள்ள தூரம் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம். வாரம் தவறாமல், வருஷக்கணக்கில், அதே கையில் குத்திக்கொள்ள வேண்டும். அவள் குத்தினால் வலிக்காது என்று பேர். உண்மையில் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் ஊசியை எடுக்கும் முன் விரல் நுனியால் அந்தக் கையைத் தடவி, தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும் அதிர்வைத் தேடி, கிடைத்தபின்தான் குத்துவாள். தேடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கடைசிக் கட்டில் கணக்கு வாத்தியார் அவள் விடுப்பு எடுக்கிற நாளில், வேறு கைக்குப் பயந்து, தனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அந்த விரல்கள்தான் வினையாகிப் போயின.

விரலைப் பதிவு செய்த அன்று வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கொழுந்தன், சின்னவன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். தாயில்லாத பிள்ளை. தலைவாரி விட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, கணினிப் படிப்புப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்து, நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று அவள் வரிசையில் பின்னால் நின்ற எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். போய் உட்கார்ந்து விரலை வைத்தாள். கருவி சிவப்பாய் மின்னியது. அடுத்த விரலை வைத்தாள். மறுபடி சிவப்பு. பத்து விரலும் வைத்தாயிற்று, சீருடையில் துடைத்துத் துடைத்து வைத்தாயிற்று. வருஷக்கணக்காகச் சோப்பும் ஸ்பிரிட்டும் வெளுப்பு நீரும் தின்ற விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? கண்ணாடிக் குவளையின் அடிப்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தன. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சின்னவன் கருவியைத் தன் பக்கம் திருப்பி என்னவோ செய்தான். பிறகு, "ஏறிடுச்சு அண்ணி, நீங்க போங்க," என்றான்.

ஏறியிருந்தால் மறுநாள் திறந்திருக்க வேண்டுமே. திறக்கவில்லை. வறட்சியாக இருக்கும், கிரீம் தடவுங்கள் என்றான். தடவினாள். ஈரம் அதிகம் என்றான். துடைத்தாள். அடுத்த வாரம் சரி செய்கிறேன் என்றான். அடுத்த வாரம் என்பது அப்படியே அடுத்தடுத்த வாரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டுமில்லை, பழைய நர்சுகள் இன்னும் சிலருக்கும் ஒரு நாள் கருவியில் ரேகை விழுந்தால் மறுநாள் விழாது. வேலை நிற்க முடியாதே. அதனால் வார்டு தனக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடித்தது. பெரிய சிஸ்டர் விரல் எப்போதும் விழும். நாற்காலியில் உட்கார்ந்து கண்காணிக்கிற விரல் அல்லவா, தேயவில்லை. "சிஸ்டர், ஒரு விரல் குடுங்க" என்றால் அந்த அம்மாள் வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். இதற்கு 'இரவல்' என்று பெயரே விழுந்துவிட்டது. இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று கண்காணிப்பாளர் எழுத்து மூலம் உத்தரவு போட்டிருந்தார். எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், பெரிய சிஸ்டர் முதல் ஆளாக.

பூக்கைக்கு இந்த இரவல் பிடிக்கவே இல்லை. நாய்ப் பெயர் காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் தனித்தனி வாசல், அவளுக்கு மட்டும் அடுத்த வீட்டு வாசல். தான் செய்த வேலை இன்னொருத்தி பெயரில் விழுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் என்னவோ அரித்தது. வீட்டில் இதைச் சொன்னால் சின்னவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு நாள், அவள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டாள். அதற்கு மறுநாள் வேலைக்குப் போனால் வார்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்காணிப்பாளர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டில்களுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு கேட்டார். மருந்து அலமாரியில் கடும் வலிக்குப் போடுகிற மருந்தில் ஒரு குப்பி குறைகிறது. அலமாரியை முந்தின நாள் மதியம் கடைசியாகத் திறந்தது அவள் விரல். விடுப்பில் இருந்தவள் எதற்கு வந்தாள்? குப்பியை யாருக்குக் கொடுத்தாள்?

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேலை நாளில்கூட ஒருமுறையும் என் விரலுக்குத் திறக்காத அலமாரி, விடுப்பு நாளில் எப்படித் திறக்கும் என்று கேட்டாள். கண்காணிப்பாளர் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். மனிதர்கள் மாற்றிப் பேசுவார்கள், விரல் பேசாது என்றார். அன்று வீட்டில்தான் இருந்தேன் என்றாள். சாட்சி உண்டா என்றார். காயப்போட்ட போர்வையையா சாட்சிக்குக் கூப்பிட முடியும்? அவள் பெரிய சிஸ்டர் முகத்தைப் பார்த்தாள். தன் விரல் எந்த நாளும் விழுந்ததில்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் இரவல் கொடுத்ததும் வெளியே வரும். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"திருடுறதுக்குன்னே லீவு போட்ட முதல் ஆளு நீதாம்மா," என்றார் கண்காணிப்பாளர். கணக்கு வாத்தியார் உட்பட எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், கவனக்குறைவு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துணி அறைக்கு மாறிக்கொள்ளட்டும், நாளை மறுநாள் பதில் வேண்டும், அதுவரை வார்டுக்கு வர வேண்டாம் என்றார். துணி அறை என்பது அடித்தளத்தில், சலவைக்குப் போகிற விரிப்புகளை எண்ணிக் கட்டுகிற இடம். அங்கே ஊசி கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் அடுப்படியில் இருந்தார். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. விடிகிறதற்கு முன் போனால் மதியம் தாண்டித்தான் வருவார், புருவத்தில் மாவோடு. அவள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அவள் உட்காரவில்லை. உருளைக்கிழங்குக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, நின்றபடியே தோல் சீவிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பேருக்கு வேண்டியதற்கு மேலேயே சீவிவிட்டாள். ரொட்டிக்காரர் அந்த ஆளைச் சும்மா விடுவதா என்று முதலில் குதித்தார். தேநீர் ஆறுவதற்குள் அவரும் ஆறினார். போலீஸ் என்ற வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய நர்ஸ் உரிமத்தையே பறித்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

சாயங்காலம் சின்னவன் வந்தான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது, மருத்துவமனை முழுக்கவே தெரிந்திருந்தது. தட்டின் முன் உட்கார்ந்து கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க அண்ணி," என்றான். "துணி அறைன்னா என்ன, உக்காந்து பாக்குற வேலைதானே. கொஞ்ச நாள் போகட்டும். நானே யார்கிட்டயாவது பேசி உங்களத் திரும்ப வார்டுக்குக் கொண்டு வந்துடுறேன்."

"நீ பெரிய மனுஷன் ஆயிட்டடா," என்றாள் அவள். "சரி, கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே சொல்லு. என் விரல் ஒருநாளும் அந்த அலமாரியத் திறந்ததில்ல. நான் வீட்டுல போர்வை தொவச்சிக்கிட்டு இருந்தப்ப அது எப்படிப் போய்த் திறந்துச்சு?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பின்புறக் குழாயடிக்குப் போனான். சாப்பிடாத தட்டை வெகுநேரம் கழுவினான். அவளும் மற்றப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போய் நின்றாள். கொடியில் இன்னும் ஒரு திரைச்சீலை எடுக்காமல் கிடந்தது. வெளிச்சம் மங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளிகளிடம் பழகியது.

"அது உங்க விரல் இல்ல அண்ணி," என்றான் குழாயைப் பார்த்து.

"அது எனக்குத் தெரியும். யாரோடது?"

"என்னோடது."

அதன்பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான். "அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லார் விரலும் ஏறியாகணும்னு கண்காணிப்பாளர் சார் சொல்லிட்டாரு. ஒரு ஆளு குறைஞ்சாலும் வேலை நிரந்தரத்தப் பத்திப் பேச வந்துடாதேன்னாரு. உங்க விரல் ஒண்ணுகூட ஏறல. வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்குது. மறுநாளே மாத்திடலாம்னு என் கட்டைவிரல உங்க பேர்ல வச்சிட்டேன். மாத்தணும்னா ஏன் மாத்துறேன்னு மேல எழுதிக் கேக்கணும். எழுதப் பயமா இருந்துச்சு. அந்த மெஷினுக்கு நீங்கன்னா நான்தான் அண்ணி."

அலமாரியின் கதையும் வந்தது. அதன் ஒரு இழுப்பறை சிக்கிக்கொண்டது என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணினி ஆட்களுக்கு மருந்து அலமாரி திறக்காது. ஒரு நர்ஸ் கூட இருந்து திறந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த நேரம் யாருக்கோ உடம்பு முடியாமல் நர்சுகள் எல்லாரும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். தன் கட்டைவிரலுக்குத் திறக்கும் என்பது அவனுக்குத் தெரியுமே. திறந்து, இழுப்பறையை உருவியபோது ஒரு குப்பி விழுந்து உடைந்தது. உடைந்ததைச் சொன்னால், நீ எப்படித் திறந்தாய் என்ற கேள்வி வரும். கண்ணாடியைத் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. அவன் நினைத்தது ஒரு குப்பியைத்தான் மறைக்கிறோம் என்று.

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கையில் இருந்த தட்டை அவன் மேலேயே வீசியிருப்பாள். ஆனால் அவன் முகம் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து நிற்கிற அந்தப் பழைய முகமாகவே இருந்தது. அதைப் பார்த்தபோது கோபம் குறையவில்லை, கூடிற்று. இந்த முகத்தோடு தினமும் எதிரில் உட்கார்ந்து, கிரீம் தடவுங்கள் என்று எப்படிச் சொன்னான்?

வாசற்படியில் ரொட்டிக்காரர் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல அவர் ஒருமுறை தம்பியைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. இவன் பேரு வெளிய வந்தா ஜெயிலுக்கே போவான். கம்ப்யூட்டர் பக்கம் இனி ஒருத்தனும் இவனச் சேக்க மாட்டான். உனக்குன்னா துணி அறையோட போகுது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விட்டுடுவோமே."

"தலைப்பாகை என்னோடதுங்க," என்றாள் அவள்.

கையில் இருந்த பாத்திரங்களைக் குழாயடியில் இறக்கி வைத்தாள்.

"உங்க ரொட்டியில கண்ணாடித் தூள் இருந்துச்சுன்னு ஒருத்தன் கடை வாசல்ல நின்னு கத்துறான்னு வைங்க. உங்க தம்பி பொழப்புக்காக, ஆமா நான்தான் போட்டேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

ரொட்டிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மாவு நகக்கண்ணில் இருந்தது. "மாட்டேன்," என்றார். உள்ளே போய்விட்டார்.

சின்னவன் அழுதுகொண்டிருந்தான். அவள் குழாயை மூடினாள்.

"நல்லாக் கேட்டுக்க. உன் பேரு என் வாய்ல இருந்து வராது. நான் வளத்த பிள்ளைய நானே புடிச்சுக் குடுத்தேன்னு இருக்க வேண்டாம். ஆனா கையெழுத்தும் போட மாட்டேன். அந்த வார்டுல அத்தனை பேரும் நம்பிக் கைய நீட்டுறாங்க. திருட்டுக் கைன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தர் நீட்டுனாலும் என்னால ஊசி குத்த முடியாது. நாளன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் விரல வைப்பேன். என் பேருக்குத் திறக்குற விரல் எதுன்னு தேடுங்கன்னு சொல்வேன். அப்புறம் நீயாச்சு, உன் மனசாச்சு."

அன்றைக்குச் சீவிய கிழங்கில் பாதிக்கு மேல் மீந்துபோயிற்று.

கெடு நாள் காலையில், நாள் விட்டு நாள் வருகிற அதே நோயாளிகள் மறுபடி வந்திருந்தபோது, கண்காணிப்பாளர் அவளைத் தம் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. கட்டில்கள் எல்லாம் நிரம்பி இயந்திரங்கள் ஓட ஆரம்பித்திருந்தன. இரண்டாவது ஆள் வந்தான். வார்டில்தான் இருக்கிறேன், சாரை இங்கே வரச் சொல்லுங்கள் என்றாள். பெரிய சிஸ்டர் பதறிப்போய், ஏன் வீண் வம்பு, அங்கே போய்ப் பேசிவிட்டு வாயேன் என்று காதில் ஓதினாள். கூப்பிட்ட இடத்துக்குப் போகிற ஆள் இல்லை நான் என்று பூக்கை சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கப் போனாள். கண்காணிப்பாளரையே வரவழைக்கிறாளே, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று இளைய நர்சுகள் பார்த்தார்கள்.

அவர் வந்தார், முகமெல்லாம் கடுகடுவென்று. கையில் அந்தத் தாள். அவள் தாளை வாங்கவே இல்லை. மருந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"முந்தாநாள் நீங்க எல்லாருக்கும் முன்னாலதான் கேட்டீங்க சார். பதிலும் எல்லாருக்கும் முன்னாலதான்."

வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல். இடது கைக்கு வந்தாள். கருவி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி முனகியது. கட்டிலில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கையில் குழாயோடு கட்டுண்டு கிடக்கிறவர்கள், எழுந்து போக முடியாத சபை. கண்காணிப்பாளர், கை வறண்டிருக்கும் என்றார். அவள் தொட்டியில் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி பத்தையும் வைத்தாள். வேண்டுமென்றே அழுத்தாமல் வைக்கிறாய் என்றார்.

"அப்போ நீங்களே என் கையப் புடிச்சு வைங்க சார்," என்றாள். கையை நீட்டினாள்.

அவர் பிடிக்கவில்லை. அந்த நேரம் பெரிய சிஸ்டர் பேசினாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அந்த அம்மாளே எதிர்பார்த்திருக்க மாட்டாள். அவள் விரல் ஒரு நாளும் விழுந்ததில்லை, இத்தனை நாளும் அவளுக்காக நான்தான் தொட்டுத் திறந்தேன், எழுத்து மூலம் வேண்டுமானாலும் தருகிறேன் என்றாள்.

"அப்போ அன்னைக்குத் திறந்தது பேயா?" என்றார் அவர்.

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றாள் பூக்கை. "என் பேருக்குத் திறக்குற விரல் ஒண்ணு இந்தக் கட்டடத்துல எங்கயோ இருக்கு. தேடுங்க. கிடைக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். துணி அறைக்குப் போக மாட்டேன்."

வாசலில் சின்னவன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கூப்பிட்டது போல ஆகிவிடும் என்று கழுத்தை அடக்கி வைத்திருந்தாள். அவன் கட்டில்களுக்கு நடுவே நடந்து வந்தான். அலமாரி முன் வந்து கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கிக் கட்டைவிரலை வைத்தான்.

பச்சை எரிந்தது. பூட்டு விலகிக் கதவு திறந்தது. சின்னத் திரையில் அவளுடைய படமும் பெயரும் வந்தன. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கொழுந்தன் முகத்தில் ரத்தமே இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் அப்போது ஒரே இடத்தில் வந்து நின்றன. அவன் தலையைக் குனியாமல் எல்லாவற்றையும் சொன்னான். வரிசையை, தன் கட்டைவிரலை, உடைந்த குப்பியை. குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து சொன்னான். அவளுக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அறைய வேண்டும் போலவும் இருந்தது.

கண்காணிப்பாளர் அலமாரிக் கதவைத் தாமே மூடினார். ஆள் கெட்டிக்காரர், கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. பதிவு செய்ததே பொய் என்று வெளியே போனால் முதலில் உருளுவது யார் தலை என்று அவருக்குத் தெரியும். குரலை இறக்கினார். எல்லாரும் என் அறைக்கு வாருங்கள், கருவியின் கோளாறு என்று முடித்துவிடலாம், தம்பிக்கும் ஒன்றும் வராது, சிஸ்டரும் இங்கேயே இருக்கலாம், வீட்டுக்குள் நடந்த விஷயம் வெளியே எதற்கு என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. ரொட்டிக்காரர் அங்கே இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார்.

பூக்கை சின்னவனைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகப் பார்த்தாள்.

"வேண்டாம் சார்," என்றது அவன்தான். "மெஷின் மேல போடாதீங்க. நான் செஞ்சது."

"அவன் செஞ்சதுக்கு அவன் பதில் சொல்லட்டும்," என்றாள் அவள். "ஒருத்தர் விடாம ஏத்தணும்னு நெருக்குனது யாருன்னும் கூடவே எழுதுங்க. பாதியை மட்டும் எழுதுனா நான் மீதியை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன்."

"அப்போ என்னதாம்மா செய்யச் சொல்ற? பழையபடி நாய் பேர எழுதி ஒட்டவா?"

"அந்த ஓட்டை வழியாத்தான் வெளியாள் வந்தான், அது வேண்டாம். விரல் விழுறவங்க விரல வைக்கட்டும். விழாதவங்களுக்குக் கழுத்துல ஒரு கார்டு குடுங்க, மனசுல வச்சுக்க ஒரு நம்பர் குடுங்க, என்னவோ ஒண்ணு குடுங்க. அது என்னைய உள்ள விடணும், என் பேரச் சொல்லி வேற யாரையும் விடக் கூடாது. அவ்வளவுதான். அதெல்லாம் நாளைக்கு. இப்போ இன்னொண்ணு பாக்கி இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"திருடின்னு முந்தாநாள் இங்க நின்னு சொன்னீங்க. இல்லைன்னும் இங்கயே நின்னு சொல்லணும்."

அவர் அவளைப் பார்த்தார், பெரிய சிஸ்டரைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார். தாளைக் கையில் மடித்துக்கொண்டே, இந்த சிஸ்டர் எதையும் எடுக்கவில்லை என்று தம் சட்டைப் பொத்தானுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"கேக்கலைங்க," என்றார் கடைசிக் கட்டிலிலிருந்து கணக்கு வாத்தியார். "மெஷின் சத்தம்."

கண்காணிப்பாளர் நின்றார். மறுபடி சொன்னார், கொஞ்சம் கூட்டி.

"இந்தப் பக்கமும் கேக்கல," என்றாள் எதிர் வரிசையில் ஒரு பெண், போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு. அவள் கட்டில் அவருக்கு ஒரு முழத்தில் இருந்தது. அவளை அடுத்தவரும் காதில் கை வைத்துக் காட்டினார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. முந்தாநாள் மட்டும் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது.

மூன்றாம் முறை அவர் வார்டின் நடுவுக்கு நடந்து வந்து நின்றார். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். "இந்த சிஸ்டர் எதையும் திருடல. நான் சொன்னது தப்பு."

"இப்போ கேட்டுச்சு," என்றார் வாத்தியார். ஊசி குத்தாத கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னவனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வாசலைத் தாண்டும்போது, சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்து சாப்பிடணும் என்று பூக்கை பின்னாலிருந்து சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, கத்திக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாள்.